தாள் அடங்கினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே இருட்டறை அமைத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பிரிண்ட் போடுவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தக் கலையைப் பற்றி ஒரு நாளிதழ் முழுப்பக்கம் எழுதியது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜருக்கும் லென்சுக்கும் பத்தி பத்தியாக இடம் கொடுத்த கட்டுரையாளர், தாளை ரசாயனத் திரவங்களில் நனைக்கும் தட்டுகளான ட்ரேக்களுக்கு ஒரே வரியைத்தான் ஒதுக்கியிருந்தார். தாள் அடங்குகிற எந்தத் தட்டும் போதும், சமையலறையில் இருப்பதையே எடுத்துக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் கழுவி வைத்துவிடலாம் என்பது அந்த வரி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதை அப்படியே நம்பிவிடுவார்கள் என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

என் அண்ணன் ஸ்டூடியோ வைத்திருந்தார். அவர் முன்னறையில் விளக்குகளோடும் வாடிக்கையாளர்களோடும் இருப்பார். உள்ளே பிரிண்ட் போடுவது என் வேலை. ஸ்டூடியோவை மூடிய பிறகும் வீட்டில் ஒரு சின்ன அறையில் அந்த வேலையை நான் விடவில்லை. கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் தாங்கள் வாங்கிய என்லார்ஜரைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். நான் முதலில் கேட்பது ட்ரேக்களைப் பற்றி. என்லார்ஜர் சுமாராக இருந்தாலும் பொறுமையாக வேலை செய்தால் நல்ல பிரிண்ட் எடுத்துவிடலாம். ட்ரே தவறாக அமைந்துவிட்டால், எவ்வளவு நல்ல லென்சாக இருந்தாலும் படம் திட்டுத் திட்டாகத்தான் வரும்.

முதலில் சமையலறை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தாளில் படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் திரவங்களில் பெரும்பாலும் ஹைட்ரோகுவினோன் என்ற ரசாயனம் இருக்கும். அதோடு மெட்டால் அல்லது ஃபெனிடோன் சேர்ந்திருக்கும். மெட்டால் கையில் பட்டுப் பட்டே சிலருக்குத் தோல் சிவந்து, வெடித்து, பிறகு அந்த வேலையின் பக்கமே போக முடியாமல் ஆகிவிடும். படத்தை நிலைக்கவைக்கும் திரவமான ஃபிக்ஸரில், பயன்படுத்திய பிறகு, கரைந்த வெள்ளி இருக்கிறது. பிளாஸ்டிக் தட்டில் இருக்கும் மெல்லிய கீறல்களில் இவை தங்கிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. கழுவிவிட்டோம் என்று சொல்லலாமே தவிர, முழுவதும் போய்விட்டது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே சமையலறையிலிருந்து ஒரு தட்டை இருட்டறைக்கு எடுத்துவருவதில் தவறில்லை. வந்தது வந்ததுதான். திரும்பிப் போகக் கூடாது. இடுக்கி, அளவுக் குவளை, புனல் எல்லாவற்றுக்கும் இதே விதி.

இனி ட்ரேக்கு வருகிறேன். என்லார்ஜரில் வெளிச்சம் காட்டிய தாள் டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் அமிலக் கரைசலான ஸ்டாப் பாத், ஃபிக்ஸர் என்ற வரிசையில் மூன்று ட்ரேக்களைக் கடந்து, நான்காவதில் தண்ணீரில் அலசப்படுகிறது. இவற்றில் படத்தின் தலையெழுத்து தீர்மானமாவது முதல் ட்ரேயில். பிளாஸ்டிக் பூசிய ரெசின் பூச்சுத் தாளுக்கு அங்கே ஏறக்குறைய ஒரு நிமிடம். பிளாஸ்டிக் பூச்சு இல்லாத ஃபைபர் தாளுக்கு இரண்டு, மூன்று நிமிடம். அந்தக் குறுகிய நேரத்துக்குள் டெவலப்பர் தாளின் மேலுள்ள, வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூச்சுக்குள் ஊறி, வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பை வெள்ளியாக மாற்றுகிறது. படத்தில் கறுப்பு அதிகமாக விழ வேண்டிய இடத்தில் டெவலப்பர் சீக்கிரம் களைத்துப்போகும். போதாததற்கு, உப்பிலிருந்து பிரிந்து வரும் புரோமைடு அந்த இடத்திலேயே தேங்கி மேற்கொண்டு வேலை நடக்கவிடாமல் தடுக்கும். களைத்த திரவத்தை விலக்கி அங்கே புதியதைக் கொண்டுவந்து சேர்ப்பது நம் கை. ட்ரேயை ஆட்டுவது என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, பிரிண்ட் சீராக வருவதும் வராததும் அதில்தான் இருக்கிறது.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான்: ட்ரேயைப் பார்த்து வாங்காதீர்கள், ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு வெற்றுத் தாளைப் போட்டு, ஒரு பக்க விளிம்பை விரல் தடிமன் அளவுக்கு உயர்த்தி மெதுவாக இறக்குங்கள். அலை தாளின் மேல் முழுவதும் ஓடி எதிர்ச் சுவரில் மோதித் திரும்ப வேண்டும். தாளின் அடியிலும் தண்ணீர் நுழைய வேண்டும். விளிம்புக்கு மேல் ஒரு சொட்டும் தெறிக்கக் கூடாது. இந்த மூன்றும் நடந்தால் அந்த ட்ரே உங்களுக்கு உதவும். அளவு, ஆழம், அடிப்பரப்பு, உறுதி என்று நான் கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு சோதனையிலிருந்து வருபவைதான்.

அளவு. எட்டுக்குப் பத்து அங்குலத் தாளுக்கு எட்டுக்குப் பத்து ட்ரே வாங்குவது இயல்பாகத் தோன்றும். பெயரளவில் தாளும் ட்ரேயும் பொருந்தத்தான் செய்யும். ஆனால் ட்ரேயின் சுவர்கள் சரிந்து இறங்குபவை. மேல்விளிம்பு அகலமாகவும் அடி குறுகலாகவும் இருக்கும். வாங்கும்போது அளக்க வேண்டியது அடியை. அடி தாளுக்குச் சரியாக இருந்தால் தாள் சுவரில் இடித்துக்கொண்டு நிற்கும். என்னிடம் வந்த ஒரு பையனின் பிரிண்டில், உருவத்துக்குப் பின்னால் இருந்த சாம்பல் நிறச் சுவரில் ஓர் ஓரமாக மேலிருந்து கீழ்வரை வெளிறிய பட்டை ஒன்று ஓடியிருந்தது. என்லார்ஜரில் பல்பு சரியாக அமரவில்லை என்று நினைத்து அதையே திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். அவன் ட்ரேயைக் கொண்டுவரச் சொல்லித் தாளைப் போட்டுப் பார்த்தேன். ரெசின் தாளுக்கு இயல்பாகவே கொஞ்சம் சுருளும் குணம் உண்டு. சுவரில் இடித்த அந்த ஓரம் படகின் விளிம்பைப் போல் மேலே வளைந்து, திரவத்துக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் நனைந்து பல நொடிகள் கழித்துத்தான் அந்த ஓரம் நனைந்தது. ட்ரேயை மாற்றியதும் பட்டை போய்விட்டது.

இன்னொரு தொல்லையும் உண்டு. சரியளவு ட்ரேயில் இடுக்கி நுழைய இடம் இருக்காது. தாளின் மூலையைத் தேடிக் கிளறும்போது ஈரத்தில் இளகியிருக்கும் பூச்சில் பிறை வடிவில் மடிப்பு விழும். காய்ந்த பிறகு சாய்வாக வெளிச்சம் பட்டால் அது தெரிந்துகொண்டே இருக்கும்.

எனவே தாளைவிட ஒரு படி பெரிய ட்ரே. ஐந்துக்கு ஏழு தாளுக்கு எட்டுக்குப் பத்து. எட்டுக்குப் பத்து தாளுக்குப் பத்துக்குப் பன்னிரண்டு. பலர் ஒரேயடியாகப் பதினொன்றுக்குப் பதினான்குக்குப் போய்விடுவார்கள். அதற்கு நான் தடை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு எட்டுக்குப் பத்து ட்ரே ஒரு லிட்டர் கேட்கும். பத்துக்குப் பன்னிரண்டு ஒன்றரை லிட்டர், பதினொன்றுக்குப் பதினான்கு இரண்டு லிட்டர், பதினாறுக்கு இருபது நான்கு லிட்டருக்குச் சற்று மேல். திரவம் அதிகம் என்றால் அதில் கழுவக்கூடிய தாள்களும் அதிகம், அந்த வகையில் வீண் இல்லை. காற்றுதான் சிக்கல். பரப்பு விரிய விரிய டெவலப்பர் காற்றோடு சேர்ந்து சீக்கிரம் பழுப்பேறிச் செத்துவிடும். இடையில் வேலையை நிறுத்துகிறீர்கள் என்றால் மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்றை ட்ரேயின் மேல் விரிக்காமல், திரவத்தின் மேலேயே படியும்படி மிதக்கவிடுங்கள். விளிம்பின் மேல் மூடினால் உள்ளே காற்று இருந்துகொண்டுதானே இருக்கும்.

ஆழத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. அரை அங்குலத் திரவத்தில்கூட வேலை நடக்கும் என்பார்கள். ஆட்டும்போது ஒரு பக்கம் தாள் வெளியே தெரியும் அளவுக்கு அது வற்றிவிடுகிறது, அவ்வளவு குறைவாக நான் ஊற்றுவதில்லை. இரண்டு சென்டிமீட்டர் திரவத்துக்குச் சுவர் ஐந்து, ஆறு சென்டிமீட்டராவது உயர வேண்டும். பதினாறுக்கு இருபது அளவில் அதுவும் போதாது. பெரிய ட்ரேயில் அலை போக வேண்டிய தூரம் அதிகம். போய்த் திரும்ப இரண்டு நொடிக்கு மேல் ஆகும். சின்ன ட்ரேயை ஆட்டிப் பழகிய கை அதே வேகத்தில் பெரியதை ஆட்டினால், அலைகள் ஒன்றோடொன்று மோதி நடுவில் குமிழியிட்டு ஓரத்தில் தெறிக்கும். அலை திரும்பி வரும்வரை காத்திருந்து அடுத்த விளிம்பை உயர்த்துங்கள். இடம், முன், வலம் என்று பக்கத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரே பக்கமாக ஒரே தாளத்தில் ஆட்டினால் திரவம் ஒரே பாதையில்தான் ஓடும், படத்தில் அந்தப் பாதை தெரியவும் செய்யும்.

என்ன பொருளால் ஆனது என்ற கேள்விக்குப் பல பக்கம் எழுதலாம். முதலில் விலக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். அலுமினியம் கூடாது. டெவலப்பர் காரத் தன்மை கொண்டது, அது அலுமினியத்தை அரிக்கும். செம்பும் பித்தளையும் கூடாது. செம்பு துளியளவு கரைந்தாலும் டெவலப்பரைக் கெடுத்து, வெண்மையாக நிற்க வேண்டிய இடங்களில் சாம்பல் படரச் செய்துவிடும். துத்தநாகப் பூச்சுத் தகரத்தை ஸ்டாப் பாத்தின் அமிலம் கரைத்துவிடும். வெறும் இரும்பு ஃபிக்ஸரில் கிடந்தால், ஃபிக்ஸரில் கரைந்திருக்கும் வெள்ளி வந்து இரும்பின் மேல் படியும். இரும்பு கரைந்து திரவத்துக்குள் போகும். பயன்படுத்திய ஃபிக்ஸரிலிருந்து வெள்ளியை மீட்க இரும்பு நார் போடும் முறையே இந்தக் குணத்தை வைத்துத்தான். அங்கே அது நல்லது, உங்கள் ட்ரேயில் நல்லதல்ல.

எனாமல் தட்டு பழைய காலத்தில் எல்லா ஸ்டூடியோக்களிலும் இருந்தது. பூச்சு முழுதாக இருக்கும்வரை அதைக் குறை சொல்ல முடியாது. பழைய பொருளாக வாங்குகிறீர்கள் என்றால் மூலைகளை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். ஊசிமுனை அளவு சில்லு பெயர்ந்திருந்தாலும் அடியில் இருக்கும் இரும்பு திரவத்தைத் தொட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். கண்ணாடித் தட்டு எந்த ரசாயனத்துக்கும் அசையாது, கழுவவும் எளிது. ஆனால் கனம், வழுக்கல், இருட்டில் கை தவறினால் காலடியில் கண்ணாடித் துண்டுகள். ஐந்துக்கு ஏழு தாளுக்குச் சின்ன கண்ணாடித் தட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

எவர்சில்வர் ட்ரேயை விரும்புகிறவர்கள் அதிகம். உடையாது, வெப்பத்தை உடனே கடத்தும். இதனால் ட்ரேயை இன்னொரு பெரிய தொட்டித் தண்ணீரில் நிறுத்திச் சூட்டைக் கட்டுப்படுத்துகிறவர்களுக்கு அது மிகவும் வசதி. டெவலப்பருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 20 டிகிரி செல்சியஸ். அறை வெக்கையாக இருந்தால் வெளித் தொட்டியில் ஐஸ் போட்ட புட்டியை மிதக்கவிட்டால் எவர்சில்வர் சட்டென்று குளிர்ந்துவிடும். பிளாஸ்டிக் சோம்பேறித்தனமாகத்தான் குளிரும். ஆனால் எவர்சில்வரிலும் தரம் இருக்கிறது. 304 என்ற சாதாரண வகையைவிட, மாலிப்டினம் கலந்த 316 வகைதான் ஃபிக்ஸருக்கு நின்று பிடிக்கும். என்ன வகை என்று தெரியாத எவர்சில்வர் தட்டை டெவலப்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃபிக்ஸரை இரவு முழுவதும் அதில் விட்டுவைக்காதீர்கள்.

வீட்டு இருட்டறைக்கு என் தேர்வு பிளாஸ்டிக்தான். அதிலும் பாலிப்ரோப்பிலீன். அமிலமும் காரமும் அதை ஒன்றும் செய்வதில்லை, கீழே விழுந்தாலும் விரிசல் விடாது. தட்டைக் கவிழ்த்து அடியில் அச்சாகியிருக்கும் முக்கோணக் குறியைப் பாருங்கள். உள்ளே 5 என்று இருந்தால் பாலிப்ரோப்பிலீன். 6 என்று இருந்தால் பாலிஸ்டைரீன். அது பளபளப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும், ஒருநாள் மூலையில் கீறல் விட்டு மேசையெல்லாம் ஒழுகும். ஃபோட்டோ வேலைக்கென்று செய்யாத, செடி வளர்க்கவோ பொருள் அடுக்கவோ செய்த தட்டுகளிலும் 5 போட்டவை நிறைய இருக்கின்றன. அவற்றைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் சோதித்துவிடுங்கள்: திரவத்தோடு இரண்டு கையால் தூக்கும்போது தட்டு முறுக்கிக்கொள்கிறதா என்று. நடுவில் தொய்ந்து முறுக்கினால் ஆட்டும்போது அலை ஒழுங்காகப் போகாது. பதினாறுக்கு இருபது ட்ரேயில் நான்கு கிலோவுக்கு மேல் திரவம் நிற்கும். அதை எந்தத் தட்டாக இருந்தாலும் தூக்கவே தூக்காதீர்கள். குவளையால் பாதியை முகந்து புட்டியில் ஊற்றிவிட்டு மீதியைச் சாயுங்கள்.

பிளாஸ்டிக் என்றதும் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருபவர் லியோ பேக்லண்ட். சாதாரண விளக்கு வெளிச்சத்திலேயே பிரிண்ட் போட வழிசெய்த வெலாக்ஸ் தாளை உருவாக்கியவர் அவர். 1899-ல் அந்தத் தொழிலை ஈஸ்ட்மனின் கோடாக் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் ஆய்வுக்கூடம் அமைத்து ஆராய்ச்சி செய்தார். அதில் பிறந்ததுதான் பேக்கலைட், முழுக்க முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக். பிறகு ட்ரேக்களும் பேக்கலைட்டில் வார்க்கப்பட்டன. என் அண்ணன் ஸ்டூடியோவில் அப்படிக் கறுப்பு ட்ரே ஒன்று இருந்தது. தட்டினால் மண்பானை போல் ஓசை வரும். பிரிண்ட் போடும் தாளையும், அதைக் கழுவும் தட்டின் பொருளையும் ஒரே மனிதர் தந்தார் என்பதைப் பிள்ளைகளிடம் நான் சொல்லாமல் விடுவதில்லை.

அடிப்பரப்பில் மூன்று வகை பார்ப்பீர்கள். வழவழப்பான சமதளம், மேடான வரிகள், குழிந்த வரிகள். சமதளத்தில் தாள் அடியோடு ஒட்டிக்கொள்ளும். அடியில் திரவம் போகாது, எடுக்கவும் மூலை கிடைக்காது. மேடான வரிகள் இருந்தால் தாள் கொஞ்சம் தூக்கலாக நிற்கும், இடுக்கி எளிதாக நுழையும். டெவலப்பர் ட்ரேக்கு நான் இதையே சொல்வேன், ரெசின் தாள் உபயோகிக்கிறவர்களாக இருந்தால். ஃபைபர் தாள் வேறு ரகம். நனைந்ததும் துணி போல் துவண்டுவிடும். பெரிய ஃபைபர் தாளை மேடான கூர் வரிகளின் மேல் வைத்து இடுக்கியால் அழுத்தினால், வரியின் தடம் பூச்சில் பதியக்கூடும். அதற்குக் குழிந்த வரிகள் உள்ளது நல்லது. அல்லது வரிகள் வட்டமாக மழுங்கியிருக்க வேண்டும். உள்ளங்கையால் அடியைத் தடவினாலே தெரிந்துவிடும். கைக்குக் கூர்மையாகப் பட்டது தாளுக்கும் கூர்மைதான்.

திரவம் ஊற்றும் மூக்கு ஏதாவது ஒரு மூலையில் கட்டாயம் இருக்க வேண்டும். இடம் குறைவு என்று ஒரே ட்ரேயில் டெவலப்பரை ஊற்றி வடித்து, அடுத்து ஸ்டாப் பாத், அடுத்து ஃபிக்ஸர் என்று மாற்றி மாற்றி வேலை செய்கிறவர்கள் உண்டு. பெரிய படங்களுக்கு அது நல்ல வழியும்கூட. அவர்களுக்கு மூக்கில்லாத ட்ரே உதவவே உதவாது; பாதி புட்டிக்குள்ளும் பாதி மேசையிலும்தான் போகும். ஒவ்வொரு படத்துக்கும் பிறகு ட்ரேயை நன்றாக அலசிவிட்டுத்தான் மறுபடி டெவலப்பரை ஊற்ற வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. மூன்று ட்ரேயையும் படிக்கட்டு போல் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தும் தாங்கிகளும் இருக்கின்றன. வைத்துக்கொண்டால் டெவலப்பர் எப்போதும் மேல் தட்டில், ஃபிக்ஸர் கீழ்த் தட்டில். மேலிருந்து கீழே சொட்டினால் பெரிய கெடுதல் இல்லை. ஃபிக்ஸர் டெவலப்பரில் சொட்டினால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது.

இதனால்தான் எந்த ட்ரே எந்தத் திரவத்துக்கு என்று முதல் நாளே பிரித்து, பிறகு மாற்றவே கூடாது என்கிறேன். வெள்ளை, சிவப்பு, சாம்பல் என்று மூன்று நிறங்களில் தொகுப்பாக விற்கிறார்கள், நிறத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளலாம் என்று. பகல் வெளிச்சத்தில் சரி. இருட்டறையில் தாளைக் கெடுக்காத சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு பாருங்கள்: சிவப்பு ட்ரேயும் வெள்ளை ட்ரேயும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே போல் வெளிறித் தெரியும். அந்த வெளிச்சத்தில் இருப்பதே சிவப்புதான். இரண்டு ட்ரேயும் அதை ஒரே மாதிரி திருப்பி அனுப்புகின்றன. வேலை நடக்கிற நேரத்தில் உதவாத அடையாளத்தை நம்பி என்ன பயன்? நான் மூக்கின் பக்கத்து விளிம்பில் அரத்தால் வெட்டுப் போட்டுவைப்பேன். டெவலப்பருக்கு ஒரு வெட்டு, ஸ்டாப் பாத்துக்கு இரண்டு, ஃபிக்ஸருக்கு மூன்று. இடுக்கிகளின் காம்பிலும் அதே போல். விளக்கை முழுவதும் அணைத்துவிட்டாலும் கட்டைவிரல் சொல்லிவிடும், எந்த ட்ரேயின் முன் நிற்கிறோம் என்று. மூன்று வெட்டு இடுக்கி ஒரு வெட்டு ட்ரேக்குள் போகாதவரை டெவலப்பருக்கு ஆபத்தில்லை.

நிறம் பற்றிய என் ஒரே விருப்பம், டெவலப்பர் ட்ரே வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது. வேலை முடிந்து பெரிய விளக்கைப் போட்டதும் திரவம் எவ்வளவு பழுத்திருக்கிறது என்று வெள்ளையில் உடனே தெரியும்.

அலசும் ட்ரே மட்டும் வேறு கதை. அதில் ஆட்டும் வேலை இல்லை, தண்ணீர் மாறிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவே. ஆழமாகவும் மற்றவற்றைவிடப் பெரிதாகவும் இருக்கட்டும். ஒரு பக்கம் குழாய் நீர் நுழைந்து எதிர்ப் பக்கம் வழிய ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சாதாரண ஆழமான தொட்டியே போதும். ரெசின் தாளுக்கு ஓடும் நீரில் இரண்டு நிமிடம் போதுமானது. ஃபைபர் தாள் ஃபிக்ஸரை நாருக்குள் உறிஞ்சி வைத்துக்கொள்வதால் அதற்கு நெடுநேரம் வேண்டும்.

கடைசியாகக் கழுவும் முறை. வேலை முடிந்த கையோடு வெறும் தண்ணீரில் அலசி, மென்மையான பஞ்சால் துடைத்துக் கவிழ்த்துவிட்டால் ட்ரேக்கு வேறொன்றும் தேவையில்லை. இரும்பு நாரால் தேய்க்காதீர்கள். கீறல் விழுந்தால் அழுக்கு அங்கேதான் குடியேறும். டெவலப்பர் ட்ரேயில் நாளடைவில் பழுப்புக் கறை பிடிக்கும். நன்றாக அலசிய ட்ரேயில் அந்தக் கறை படத்தை ஒன்றும் செய்யாது, பார்வைக்கு மட்டும்தான் அசிங்கம். உப்புத் தண்ணீரால் படியும் வெள்ளைப் படலத்துக்குக் கொஞ்சம் சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். பழைய புத்தகங்களில் ட்ரே கழுவப் பொட்டாசியம் டைக்ரோமேட்டும் கந்தக அமிலமும் கலந்த கரைசலைச் சொல்லியிருப்பார்கள். டைக்ரோமேட் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய நச்சு. ஒரு தட்டின் கறைக்காக அதை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

அதைவிட அவசரமாகச் சொல்ல வேண்டியது பிளீச்சிங் பவுடர் பற்றி. வெண்மையாக்க வேண்டும் என்று ட்ரேக்களில் அதையோ, திரவமாக விற்கும் பிளீச்சையோ ஊற்றிவிடாதீர்கள். ஸ்டாப் பாத் ட்ரேயில் அமிலம் மிச்சமிருந்தால் பிளீச்சோடு சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும். இன்றைய வேக ஃபிக்ஸர்களில் பெரும்பாலும் இருப்பது அம்மோனியம் தயோசல்பேட். அதோடு பிளீச் சேர்ந்தாலும் நச்சு வாயுக்கள் வரும். வெளிச்சம் புகாமல் இருக்க இடுக்குகளையெல்லாம் அடைத்துவைத்த சின்ன அறை என்பதை நினைத்துப் பாருங்கள், உள்ளே இருப்பவர் கதவைத் திறந்து வெளியே வரும் முன்பே மூச்சு முட்டிவிடும்.

நீண்ட கடிதமாகிவிட்டது. முழுவதையும் வெளியிட இடமில்லை என்றால் மற்றவற்றை வெட்டிவிடுங்கள். சமையலறைத் தட்டு பற்றிய பத்தியையும் பிளீச் பற்றிய பத்தியையும் மட்டும் அடுத்த ஞாயிறு இணைப்பில், கட்டுரை வந்த அதே பக்கத்தில், வாசகர் கண்ணில் படும்படி போட வேண்டுகிறேன். கட்டுரையைப் படித்த பிள்ளைகள் யாராவது இந்நேரம் தட்டைத் தேடத் தொடங்கியிருப்பார்கள்.

இப்படிக்கு,
இருட்டறையில் இன்றும் பிரிண்ட் போடும் தங்கள் வாசகி